பாட்டிக்கும் புரியும்படி ஒரு சிங்கப்பூர்ப் படம்: வீட்டில் போட்டுக் காட்டும் முறை

உள்ளூர்ப் படம் ஒன்றைப் போட்ட அரை மணி நேரத்தில் பாட்டி எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார் என்றால், பெரும்பாலும் குற்றம் படத்தின்மேல் இல்லை. திரையில் மாண்டரின், ஹொக்கியன், மலாய், ஆங்கிலம் எல்லாம் கலந்து ஓடுகின்றன, கீழே வசன வரி ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவருக்கு அது ஊமைப்படம்தான். ஆகவே விருது, இயக்குநர் பெயர் எல்லாம் அப்புறம். வீட்டில் யார் காதுக்கு எந்த மொழி பழக்கம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடலாம். இங்கே வந்து படம்பிடித்தது வேறு, இங்கே எடுத்த படம் வேறு. 'நினைத்தாலே இனிக்கும்' (1979) சிங்கப்பூரைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாலும் அது மெட்ராஸ் படம்.

எந்தப் படம்?

பசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய், பேசி வளர்ந்த பெரியவர் வீட்டில் இருந்தால் 1950களின் மலாய்ப் படங்களுக்குப் போங்கள். பாலஸ்டியர் சாலைக்குப் பக்கத்தில் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ இருந்தது, ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் கேத்தே-கெரிஸ். அந்தப் படங்களை இயக்கியவர்களில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், பணி மஜும்தார், பி.என். ராவ் என்று இந்தியாவிலிருந்து வந்தவர்கள் நிறைய. பாட்டு எந்த இடத்தில் வரும், தாய் எப்போது கலங்குவாள் என்பதெல்லாம் பழைய தமிழ்ப் படம் பார்த்தவருக்குச் சொல்லாமலே தெரியும். சிரிக்க வைத்துத் தொடங்க பி. ரம்லி இயக்கி நடித்த 'பூஜாங் லாப்போக்' (1957) நல்ல தேர்வு.

தமிழ் பேசும் படம்தான் வேண்டும் என்றால் எரிக் கூவின் 'மை மேஜிக்' (2008), கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பர்ட்' (2016) இரண்டும் உண்டு. முன்னது கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போனது. பின்னது அதே விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. ஆனால் தமிழ் என்ற ஒரே காரணத்துக்காக இவற்றை முதல் படமாகப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஒன்றில் குடிகார வித்தைக்காரத் தகப்பன் பணத்துக்காகத் தன் உடம்பையே வதைத்துக்கொள்கிறான். இன்னொன்றில் சிறையிலிருந்து வந்தவன் குடும்பத்தைத் தேடி அலைகிறான். இரண்டும் நல்ல படங்கள், இரண்டும் கனமானவை. பேரப்பிள்ளைகள் இல்லாத இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்காரும் நாளுக்கு ஜாக் நியோவின் 'ஐ நாட் ஸ்டுப்பிட்' (2002) பொருந்தும். படிப்பில் பின்தங்கியவர்களுக்கென அப்போது இருந்த ஈஎம்3 பிரிவில் விழுந்த பிள்ளைகளின் கதை, எந்த இன வீட்டிலும் அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். அந்தோணி சென்னின் 'இலோ இலோ' (2013) அடுத்த படி. பொறுமை குறைந்த வீட்டுக்கு '7 லெட்டர்ஸ்' (2015): ஏழு இயக்குநர்களின் ஏழு குறும்படங்கள், இரண்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினாலும் குறையில்லை.

படத்தின் வயதுத் தரத்தையும் பார்த்துவிடுங்கள். பிஜி13 ஓர் ஆலோசனைதான். என்சி16, எம்18, ஆர்21 என்றால் திரையரங்கில் வயதைக் கேட்பார்கள். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் இணையத்தளத்தில் படத்தின் பெயரைத் தேடினால் தரம் தெரியும். இணைய ஒளிவழித் தளங்களில் எது கிடைக்கும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் பார்க்கும் நாளன்று மறுபடியும் தேடிப் பாருங்கள். பழைய படங்களைப் பெரிய திரையில் காட்ட ஆசை இருந்தால், கேனிங் ரைஸில் உள்ள ஓல்டம் திரையரங்கில் ஆசியத் திரைப்படக் காப்பகம் என்ன திரையிடுகிறது என்று கவனித்து வாருங்கள்.

சொல்தாள்

படம் ஓடும்போது பாட்டி காதில் சொல்ல வேண்டிய குறிப்புகளை எழுதிவைக்கும் தாள் இது. வேலை முழுவதும் இதில்தான். படம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்த்தால் யாருக்கும் படம் கேட்காது. பத்தே நிமிடத்தில் பேரன் "சத்தம் போடாதீங்க" என்பான். அதற்குப் பதில் முந்தின நாளே தனியாக ஒருமுறை பாருங்கள், கையில் பேனாவோடு. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 25 முதல் 30 குறிப்புகள் போதும். நிறுத்தி நிறுத்தி எழுத இரண்டரை மணி நேரம் ஆகும்.

குறிக்க வேண்டியவை மூன்று வகை. முதலாவது, திரையில் எழுத்தாக வரும் செய்தி. 'இலோ இலோ'வில் அம்மா அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள். அது ஆட்குறைப்புக் கடிதம். அதைச் சொல்லாவிட்டால் 1997 நிதி நெருக்கடி அந்த வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதே பாட்டிக்குத் தெரியாது. "டைப் அடிக்கிறா" என்றுதான் நினைப்பார். இரண்டாவது, யார் யாருக்கு என்ன உறவு. முதல் 10 நிமிடத்தில் இதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். மூன்றாவது, மொழி மாறும் இடம். வீட்டில் மாண்டரின் பேசியவர் முதலாளியிடம் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார், பாட்டியிடம் ஹொக்கியனில் முணுமுணுக்கிறார் என்றால், அந்தத் தாவலில்தான் மரியாதையும் பயமும் கோபமும் இருக்கும். "இப்போ இங்கிலீஷ்ல பேசறா, முதலாளி முன்னாடி" என்றால் போதும்.

ஒரு குறிப்பு எட்டுச் சொல்லுக்குள் அடங்கட்டும், மூன்று விநாடியில் சொல்லி முடியும். "தந்தை தமக்கு வேலை போன விஷயத்தை மனைவியிடம் தெரிவிக்காமல் மறைத்து வருகிறார்" என்பது நீளம். "வேலை போச்சு, வீட்ல சொல்லல" என்பது சரி. வசனம் நடக்கும்போது சொல்லாதீர்கள். காட்சி மாறும் மௌனத்தில் சொல்லுங்கள். நேரத்தையும் ஓரத்தில் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் எந்த வரி எதற்கு என்று குழம்பும்.

'கியாசு', 'அலமாக்', 'டாப்பாவ்' போன்ற சிங்கப்பூர்ப் பேச்சுச் சொற்களை மொழிபெயர்க்கவே வேண்டாம். ஐம்பது வருடம் இங்கே சந்தைக்குப் போனவருக்கு அவை உங்களைவிட நன்றாகத் தெரியும். படத்தின் பெயரைச் சொல்லும்போதும் கொஞ்சம் யோசியுங்கள்: 'இலோ இலோ' என்றால் பாட்டி முழிப்பார், அதன் சீனப் பெயரின் பொருளான "அப்பா அம்மா வீட்டில் இல்லை" என்றால் கதையே பாதி சொன்னதாகிவிடும்.

சொல்பவர் பாட்டியின் நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்கார வேண்டும். பின்னாலிருந்து சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார், காட்சி போய்விடும்.

படம் கோப்பாகவே உங்களிடம் முறைப்படி இருந்தால், தமிழ் வசன வரியை எழுதியும் ஓட்டலாம். வசன வரியைச் சேமிக்கும் எஸ்ஆர்டி கோப்பில் விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவே காற்புள்ளிதான் வர வேண்டும், முற்றுப்புள்ளி வைத்தால் சில இயக்கிகள் (படம் ஓட்டும் செயலிகள்) அந்த வரியையே விட்டுவிடும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள், வேறு முறையில் சேமித்தால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோளாறு எழுத்துருவில், நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போடுங்கள். விண்டோஸ் கணினியில் விஎல்சி இயக்கியின் ஜி, ஹெச் விசைகள் வரியை 50 மில்லிவிநாடி முன்னும் பின்னும் நகர்த்தும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அது வேறு நோய்: விநாடிக்கு 24 சட்ட (ஃபிரேம்) வேகத்துக்கு எழுதிய வரி 25 சட்டப் படத்தோடு ஓடுகிறது. 90 நிமிடத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் பிசகும், விசையைத் தட்டித் தீராது, கோப்பின் நேரத்தையே 0.96ஆல் பெருக்க வேண்டும். யூஎஸ்பியில் போட்டு நேரே டிவியில் செருகாதீர்கள். பல டிவிகள் 'கொ'வைக் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிய்த்துக் காட்டும். கணினியை ஹெச்டிஎம்ஐ கம்பியால் இணையுங்கள். அந்த வரிக் கோப்பை இணையத்தில் ஏற்றவும் வேண்டாம்.

டிவியில் சரிபார்க்க

'ஜூம்' அமைப்பை அணையுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று படத்தைப் பெரிதாக்கினால் வசன வரி பாதி வெட்டுப்படும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 4:3 வையுங்கள். அகல இழுத்தால் ரம்லியின் முகம் இட்லிபோல் உப்பிவிடும்.

பேச்சு முணுமுணுப்பாகவும் இசை காதைக் கிழிப்பதாகவும் இருந்தால், ஒலியை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். புளூடூத் ஒலிபெருக்கியில் உதட்டுக்கும் குரலுக்கும் பொருந்தாமல் போகலாம், கம்பியே மேல். ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக இருந்தால் நடுவில் மாட்டிய பழைய ஹெச்டிஎம்ஐ பிரிப்பானைக் கழற்றுங்கள், நகல் தடுப்பு அதில்தான் சிக்கும்.

இதையே புளோக்கின் கீழ்த்தளத்திலோ சமூக மன்றத்திலோ அக்கம்பக்கத்தாருக்குக் காட்ட நினைத்தால் கதை வேறு. வீட்டுச் சந்தாவை வைத்துப் பொதுவில் காட்டக்கூடாது. படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இடத்துக்கு நகர மன்றத்திடமோ சமூக மன்றத்திடமோ கேளுங்கள், தரம் பற்றி ஆணையத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். உரிமையாளருக்கு எழுதும்போது தேதி, இடம், எத்தனை பேர், கட்டணம் உண்டா இல்லையா என்ற நான்கையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். கூடவே சொல்தாளை ஒலிவாங்கியில் தமிழில் வாசிக்கலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.