மத்துக் கயிற்றில் சுழலும் வா பெடல்

மின்கிற்றாரின் ஒலியைக் கால் அசைவால் ‘வா’ என்று பேசவைக்கும் வா பெடல் (wah pedal) ஒன்றைச் சொந்தமாகச் செய்யப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் மின்சுற்றிலேயே பல இரவுகளைக் கழித்துவிட்டு, காலால் மிதிக்கும் பலகையைக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் என் அறை மேசையில் நான் செய்த முதலாவது பெடலின் கதையும் அதுதான்: சுற்று ஒரே மாலையில் பாடியது, பலகை மூன்று மாதம் இழுத்தடித்தது. ஆகவே இங்கே சுற்றைச் சுருக்கமாகவும், அதற்கு வேண்டிய சுருளையும் மிதிபலகையையும் விரிவாகவும் எழுதுகிறேன்.

இந்தப் பெடல் பிறந்ததே ஒரு மாற்று வேலையில்தான். 1966இல் கலிபோர்னியாவின் தோமஸ் ஓர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற பொறியியலாளர், வொக்ஸ் அம்ப்ளிபயரில் நடுச்சுரங்களை உயர்த்தும் ஆளிக்குப் பதிலாக விலை குறைந்த ஒரு மாறுந்தடையியைப் பொருத்திப் பார்த்தார்; அதைச் சுழற்றும்போது எழுந்த ஒலியைக் கேட்டவர்கள், ஓர்கனின் வொலியூம் பெடலுக்குள் அந்தச் சுற்றை அடைத்தார்கள். செய்யும் வேலை எளிது. குறுகிய ஒரு மீடிறன் பட்டையை மட்டும் மேடாக உயர்த்தி, குதிகால் அழுந்தும்போது அந்த மேட்டை ஏறத்தாழ 400 ஹேர்ட்ஸுக்கும், விரல்நுனி அழுந்தும்போது 2200 ஹேர்ட்ஸுக்கும் நகர்த்துகிறது. வாயைக் குவித்து ‘ஊ’ என்று தொடங்கி ‘ஆ’ என்று திறந்து பாருங்கள். வாய்க்குழி செய்வதும் இதையேதான். (பெயரைத் தமிழில் எழுதினால் அழைப்பாகிவிடுவதால், என் மருமகன் ஒவ்வொரு முறையும் “எங்கே வா?” என்று கேட்பான்.)

சுற்றுக்கு இரண்டு திரான்சிற்றர்கள் போதும். கிற்றாரின் சைகை 0.01 மைக்ரோ பரட் கொள்ளளவியையும் 68 கிலோ ஓம் தடையியையும் அடுத்தடுத்துக் கடந்து முதலாவது திரான்சிற்றரின் அடியை (base) அடைகிறது. அதன் காலி (emitter) 390 ஓம் வழியாகப் புவிக்கும் (பற்றரியின் மறைமுனையோடு இணையும் பொதுப்புள்ளி), சேகரிப்பான் (collector) 22 கிலோ ஓம் வழியாக 9 வோல்ற்றுக்கும் போகின்றன. அதே அடியிலிருந்து 1.5 கிலோ ஓம் ஒன்று சுருளின் முதல் முனைக்குச் செல்ல, சுருளுக்குச் சமாந்தரமாக 33 கிலோ ஓம் நிற்கிறது. சுருளின் மறுமுனையில் மூன்று பொருட்கள் சந்திக்கின்றன: புவிக்குப் போகும் 4.7 மைக்ரோ பரட் கொள்ளளவி (நேர்முனை சுருளின் பக்கம் இருக்க வேண்டும்), புவிக்குப் போகும் 100 கிலோ ஓம், முதலாவது சேகரிப்பானுக்குத் திரும்பும் 470 கிலோ ஓம். அந்தச் சேகரிப்பானிலிருந்து 0.22 மைக்ரோ பரட் வழியாக வருவதுதான் வெளியீடு; அதே புள்ளியே 100 கிலோ ஓம் மாறுந்தடையியின் மேல்முனை, கீழ்முனை புவி. மாறுந்தடையியின் நடுக்காலிலிருந்து இன்னொரு 0.22 மைக்ரோ பரட் இரண்டாவது திரான்சிற்றரின் அடிக்குப் போகிறது. முதலாவது சேகரிப்பானிலிருந்து இன்னொரு 470 கிலோ ஓமும் அந்த அடிக்கே வருகிறது. இரண்டாவதன் சேகரிப்பான் நேரே 9 வோல்ற்றுக்கும், காலி 10 கிலோ ஓம் வழியாகப் புவிக்கும் இணைகின்றன. கடைசியாக அந்தக் காலியிலிருந்து 0.01 மைக்ரோ பரட் கொள்ளளவி ஒன்று சுருளின் முதல் முனைக்குத் திரும்புகிறது. இந்தக் கடைசிக் கொள்ளளவிதான் சுற்றின் உயிர்.

500 மில்லி ஹென்றிச் சுருளும் 0.01 மைக்ரோ பரட்டும் சேர்ந்தால் பரிவு மீடிறன் 2250 ஹேர்ட்ஸ் ஆகும். நடுக்கால் புவிப்பக்கம் இருக்கும்போது கொள்ளளவி தன் உண்மையான அளவில் நிற்கிறது. நடுக்கால் மேலேற மேலேற, கொள்ளளவியின் மறுமுனையைப் பெருக்கப்பட்ட எதிர்ச்சைகை இழுப்பதால், அதே கொள்ளளவி சுற்றின் கண்ணுக்கு 30 மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரிகிறது. மீடிறன் ஏறத்தாழ ஆறில் ஒன்றாக இறங்குகிறது. மில்லர் விளைவு என்று பெயர் பெற்ற இந்த உபாயம் இல்லாவிட்டால், காலால் மாற்றக்கூடிய பெரிய கொள்ளளவி ஒன்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

திரான்சிற்றர், தடையி, கொள்ளளவி எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அரைமணி நேர வேலை. பிசி 549 சி நல்லது. சி 1815உம் பாடும். ஆனால் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாக முன்னதற்குச் சேகரிப்பான், அடி, காலி என்றும், பின்னதற்குக் காலி, சேகரிப்பான், அடி என்றும் வரிசை வருகிறது. இதைப் பார்க்காமல் பற்றவைத்து ஒரு முழு இரவைத் தொலைத்தவன் நான்.

சுருள்தான் கடையில் கிடைக்காத பொருள். பழைய திரான்சிற்றர் வானொலிக்குள் இருக்கும் சிறிய ஒலி மின்மாற்றியின் கம்பிச்சுற்றுகளில் ஒன்று சில வேளை 500 மில்லி ஹென்றிக்கு அருகில் அமையும். மற்றக் கம்பிச்சுற்றை எதனுடனும் இணைக்காமல் விட்டுவிடலாம். அது வாய்க்காவிட்டால் பெரைற் (ferrite) வளையத்தில் நீங்களே சுற்றலாம். கணினி மின்வழங்கிக்குள் கிடைக்கும் மஞ்சள் வெள்ளை வளையம் இரும்புத்தூளால் ஆனது, இதற்கு உதவாது. மின் உள்வரும் இடத்தில் இரட்டைச் சுற்றுடன் இருக்கும் வளையமே வேண்டும். பழைய கம்பியை அகற்றிவிட்டு முதலில் 50 சுற்று மட்டும் சுற்றி, அதற்குச் சமாந்தரமாக 1 மைக்ரோ பரட் வைத்து, கைபேசிச் செயலியிலிருந்து வரும் சைன் அலையை 1 கிலோ ஓம் வழியாக ஊட்டி, அம்ப்ளிபயரில் கேட்டுக்கொண்டே மீடிறனை மெல்ல உயர்த்துங்கள். ஒலி உச்சத்தைத் தொடும் இடமே பரிவு. அது 1420 ஹேர்ட்ஸ் என்றால் உங்களிடம் இருப்பது 12.5 மில்லி ஹென்றி. நமக்கு வேண்டியது அதன் 40 மடங்கு. தூண்டல் சுற்றுகளின் வர்க்கத்துடன் ஏறுவதால் சுற்றுகள் 6.3 மடங்காக, அதாவது 316 ஆக வேண்டும். 0.1 மில்லிமீற்றர் எனாமல் கம்பி போதும். ஐஸ்கிரீம் குச்சியின் இரு முனைகளையும் கவடாக வெட்டி, வலை பின்னும் ஊசியைப் போலக் கம்பியை அதில் ஏற்றிக்கொண்டால் வளையத்துக்குள் நுழைப்பது எளிது. ஒவ்வொரு 50 சுற்றுக்கும் தாளில் ஒரு கோடு போடுங்கள், ஏனெனில் யாராவது நடுவில் தேநீர் வேண்டுமா என்று கேட்பார்கள்.

மாறுந்தடையி ‘ஏ’ என்ற எழுத்துடன் வரும் மடக்கை (log) வகையாக இருக்க வேண்டும். “எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு ‘பி’யைத் தந்தார்கள். நேர்கோட்டு வகையான அதில், விரல்நுனிப் பக்கத்தின் முதல் பத்தில் ஒரு பங்கு அசைவிலேயே மீடிறன் 2250இலிருந்து ஆயிரத்தை அண்டிவிடுகிறது. மிச்ச அசைவு முழுதும் சோம்பலாக ஊர்கிறது. சரியான வகையா என்பதை அறிய, அச்சை நடுவில் நிறுத்திப் புவிமுனைக்கும் நடுக்காலுக்கும் இடையே அளந்து பாருங்கள்: 10 முதல் 15 கிலோ ஓம் காட்டினால் வாங்கலாம், 50 காட்டினால் திருப்பிக் கொடுக்கலாம்.

இனிப் பலகை. கடையில் விற்கும் பெடல்களில் பற்சட்டமும் பற்சில்லும் இருக்கும். அவற்றைத் தேடிப் பஞ்சிகாவத்தைப் பக்கம் இரண்டு நாள் அலைந்த பின்னர், தயிர் கடையும் மத்து நினைவுக்கு வந்தது. மத்தைச் சுற்றிய கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் ஒரு பக்கமும், மறுமுனையை இழுத்தால் மறு பக்கமும் சுழல்கிறதல்லவா? பழைய வானொலியின் முள்ளை நகர்த்திய நூலும் அதே உபாயம்தான். 250 மில்லிமீற்றர் நீளமும் 100 அகலமும் 50 உயரமும் கொண்ட பிளைவுட் பெட்டியின் மேல், நடுவில் குறுக்கே ஓடும் போல்ற்றில் மிதிபலகையைப் பொருத்துங்கள். போல்ற்றுக்கு 60 மில்லிமீற்றர் முன்னால், பலகையின் அடியிலிருந்து 45 மில்லிமீற்றர் நீளமான வில் போன்ற இரும்புச் சட்டம் ஒன்று பெட்டி மூடியின் பிளவு வழியாக உள்ளே இறங்க வேண்டும். வில்லின் நாணாக மீன்பிடி நைலோன் நூலைக் கட்டி, கீழ்முனையில் சிறிய ஸ்பிரிங் ஒன்றை இடைவைத்து, நூலை மாறுந்தடையியின் அச்சில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அச்சில் பிளவு இருக்குமானால் நூலின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு அதற்குள் செருகிவிட்டால் ஒருபோதும் வழுக்காது.

6 மில்லிமீற்றர் அச்சின் சுற்றளவு ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் என்பதால், பலகை 13 பாகை சாயும்போது வில் 14 மில்லிமீற்றர் நகர, அச்சு 265 பாகைக்குச் சற்று மேல் சுழல்கிறது. மாறுந்தடையி சுழலக்கூடிய எல்லை இதைவிடச் சிறிது அதிகம். அந்த மிச்சம் கட்டாயம் வேண்டும். பலகை இரு பக்கமும் ரப்பர்க் குமிழில் மோதி நிற்க வேண்டுமே தவிர, மாறுந்தடையியின் உள்முட்டில் நிற்கக் கூடாது, ஏனெனில் உணர்ச்சி மேலிட்டு ஒருவர் முழு எடையையும் போடும் இரவில் முதலில் உடைவது அதுதான். போல்ற்றின் இரு பக்கமும் நைலோன் வளையம் வைத்து, கால் எடுத்த இடத்திலேயே பலகை நிற்கும் அளவுக்கு நட்டை இறுக்குங்கள்.

கால் ஆளி மூன்று தொகுதிகள் கொண்டதாக இருந்தால், பெடல் அணைந்திருக்கும்போது கிற்றார் சுற்றிலிருந்து முற்றாக விலகிவிடும். மிச்சத் தொகுதியில் ஒரு எல்இடி போடலாம். பழைய பெடல்களில் சுற்றின் உள்ளீடு எப்போதும் கிற்றாருடன் இணைந்தே இருந்ததால், அணைத்த பின்னும் ஒலி மங்கியது. மரப்பெட்டி இரைச்சலைத் தடுக்காது என்பதால் உட்புறத்துக்குப் பிஸ்கற் ரின் தகட்டை வெட்டி ஒட்டிப் புவியுடன் இணையுங்கள். அலுமினியத் தாளில் ஈயம் பற்றாது, இதில் பற்றும். மின்சாரத்துக்கு 9 வோல்ற்றுப் பற்றரி போதும். எல்இடி இல்லாமல் ஒரு மில்லி அம்பியர்கூட இழுக்காது.

பலகையைப் பூட்டும் முன் மல்ரிமீற்றரை எடுங்கள். முதலாவது சேகரிப்பானில் 4 வோல்ற்றளவும், இரண்டாவது காலியில் 3ஐச் சற்று ஒட்டியும் இருந்தால் சரி. இரண்டும் சரியாக இருந்தும் ‘வா’ என்று சொல்லாவிட்டால், சுருளின் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது; 33 கிலோ ஓம் வழியாக நேரோட்டம் தொடர்ந்து போவதால் வோல்ற்றளவு அதைக் காட்டிக்கொடுக்காது. குரல் மெலிவாகப் பட்டால் 33 கிலோ ஓமை 47 ஆக்குங்கள், மேடு கூர்மையாகும். கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக்காற்று மாறுந்தடையிக்குள் புகுந்து சில மாதங்களில் கரகரப்பைக் கொண்டுவரும். மூடிய உடல் கொண்டதை வாங்குங்கள், இல்லையேல் நூலை அவிழ்க்காமலேயே அதைக் கழற்றித் துப்புரவாக்கக்கூடியவாறு வயர்களை ஒரு சாண் நீளமாக விட்டு வையுங்கள்.