கருவின் தரக் குறியீடு: தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போய்ச் சோதனைக் குழாய் சிகிச்சை பெறும் தம்பதியரின் கைப்பேசிக்கு, முட்டை எடுத்த ஐந்தாம் நாளில், கருக்களின் தரத்தைக் குறித்து ‘4ஏஏ, 3பிபி, 4பிசி’ என்று ஆய்வகத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது. அதை எஸ்.பி.எம். தேர்வு முடிவைப் போலப் படித்துவிட்டு, ‘சி வாங்கிய கரு நமக்கு எதற்கு?’ என்று அன்றிரவே முடிவுகட்டுவதுதான் நம்மிடையே மிகப் பரவலான தவறு. மிகுந்த வேதனை தருவதும் அதுவே.

1999இல் கார்ட்னர், ஸ்கூல்கிராஃப்ட் ஆகிய இருவரும் வகுத்த இந்தத் தரம் பிரிக்கும் முறையில், முதலில் வரும் எண் தரத்தைக் குறிப்பதில்லை. கருவின் நடுவே உள்ள நீர்க்குழி எவ்வளவு விரிந்திருக்கிறது, கரு தன் உறையை விட்டு வெளிவரத் தொடங்கிவிட்டதா என்பதை 1 முதல் 6 வரையிலான எண் காட்டுகிறது. காலையில் 4 ஆக இருந்த கரு மாலையில் 5 ஆகலாம். முதல் எழுத்து குழந்தையாக உருவாகும் உட்செல் திரளையும், இரண்டாம் எழுத்து நஞ்சுக்கொடியாக மாறும் வெளிப்படலத்தையும் குறிக்கும். செல்கள் நிறைய இருந்து நெருங்கி அமைந்திருந்தால் ஏ, மிகச் சிலவே இருந்தால் சி. பெரும்பாலும் நுண்ணோக்கி வழியாகக் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு என்பதால், ஒரே கருவை ஒரு வல்லுநர் பிபி என்றும் மற்றொருவர் பிசி என்றும் எழுதக்கூடும். ஆகவே வேறொரு மையத்தில் சிகிச்சை பெற்ற உறவினரின் அறிக்கையோடு ஒப்பிட்டுக் கலங்குவதில் பொருளில்லை.

இந்த எழுத்துகள் குரோமோசோம்களைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்வதில்லை. 41 வயதுப் பெண்ணின் ஏஏ கருவில் குரோமோசோம் பிழை இருக்கலாம். 29 வயதுப் பெண்ணின் பிபி கரு குறையின்றி இருக்கலாம். சி பெற்ற கரு கருப்பையில் ஒட்டும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் ஒட்டி வளர்ந்து பிறக்கும் குழந்தை குறையோடு பிறக்கும் என்று அந்த எழுத்துக்குப் பொருளில்லை.

குரோமோசோம் சோதனை செய்துவிட்டால் எல்லா நோய்க்கும் விடை கிடைத்துவிடும் என்று நம்புவதும் தவறு. வெளிப்படலத்திலிருந்து எடுக்கும் சில செல்களைக் கொண்டே அச்சோதனை நடக்கிறது. கணவன் மனைவி இருவருமே, பரம்பரை இரத்த நோயான தலசீமியாவின் ஒரே வகை மரபணுவைத் தாங்கியவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு; அதைக் கண்டறியும் சோதனை வேறு. அதற்கான ஏற்பாட்டை முட்டை எடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

சேமநிதிப் பணத்தை எடுத்துச் செலவிடும் குடும்பங்கள், ‘இரண்டு கருக்களையும் சேர்த்தே கருப்பையில் வைத்துவிடுங்கள், டாக்டர்’ என்று கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவமும் தாயின் இரத்தக் கொதிப்பும் கூடுகின்றன. அந்தச் செலவும் கவலையும் அதே குடும்பத்தின் மீதுதான் விழும். ஒன்றை வைத்து, மற்றொன்றை உறையவைத்துப் பிறகு பயன்படுத்துவதே பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. ஆண் குழந்தைக்குரிய கருவைத் தேர்ந்து தரும்படி கேட்பதோ, மருத்துவக் காரணம் இல்லாத நிலையில் மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டுதலுக்கு முரணானது.

எந்தத் தரம் வரை உறையவைப்பார்கள் என்பது மையத்துக்கு மையம் மாறும். முட்டை எடுக்கும் நாளுக்கு முன்பே அதைக் கேட்டு, சி எழுத்துள்ள கருக்களை என்ன செய்ய வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.