கிரேக்கத் தீவுகளுக்கு ஃபெர்ரியில் போவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

சாண்டோரினியின் வெள்ளை வீடுகளைப் படத்தில் பார்த்த வேகத்தில் பலர் ஹோட்டலை புக் செய்துவிடுகிறார்கள். ஏதென்ஸிலிருந்து அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் கப்பல், அப்புறம் அறை.

படி 1: ஒரே கொத்துத் தீவுகளைத் தேர்ந்தெடுங்கள்

ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே ஏஜியன் கடலில் இருப்பவை சைக்ளேட்ஸ் தீவுகள். துருக்கிக் கரையை ஒட்டி ரோட்ஸ், கோஸ் அடங்கிய டோடெகனீஸ். நாட்டின் மறுபக்கம், மேற்கே அயோனியன் கடலில் கோர்ஃபு. ஒரே கொத்துக்குள் கப்பல்கள் நிறைய ஓடும். கொத்து மாறினால் சிரமம்தான். கோர்ஃபுவிலிருந்து சாண்டோரினிக்கு நேரடிக் கப்பலே கிடையாது.

முதல் பயணம் என்றால் சைக்ளேட்ஸ் போதும். பாரோஸ், நாக்சோஸ், சாண்டோரினி மூன்றும் ஒரே தடத்தில் வரிசையாக வரும். ஒரு வாரத்துக்கு இரண்டு தீவுகள் வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சிப்போனால் மூன்று. ஐந்து தீவு என்று திட்டம் போட்டால் பாதி விடுமுறை துறைமுகத்து நிழற்குடையிலேயே போய்விடும்.

படி 2: பெரிய கப்பலா, வேகக் கப்பலா?

இதில் சற்று யோசித்து முடிவெடுங்கள். ப்ளூ ஸ்டார் போன்ற நிறுவனங்களின் பெரிய கப்பல்கள் லாரி, கார், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போகும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பாரோஸுக்குச் சுமார் 4 மணி நேரம், நாக்சோஸுக்கு 5 மணி நேரத்துக்கு மேல், சாண்டோரினிக்கு 8 மணி நேரத்தை ஒட்டி ஆகும். சீஜெட்ஸ் போன்றவர்களின் வேகக் கப்பலில் சாண்டோரினிக்குச் சுமார் 5 மணி நேரம்தான். ஆனால் கட்டணம் நன்றாகவே கூடுதல். பல வேகக் கப்பல்களில் வெளியே நின்று கடல் பார்க்கும் தளமும் இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி இருக்கைக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். அலை எழுந்தால் சிறிய கப்பல் ஆடும் ஆட்டத்தில் வயிறு கலங்கிவிடும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும். காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவுகோலில் எண் ஏற ஏற, துறைமுக அதிகாரிகள் வேகக் கப்பல்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் 7 வரை ஓடும். 8ஐத் தொட்டால் அவற்றுக்கும் தடை வரலாம். எனவே என் ஓட்டு பெரிய கப்பலுக்கே. மேல்தளத்தில் ஒரு ஃப்ரெடோ என்ற குளிர் காபியோடு உட்கார்ந்து, தீவுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைப் பார்ப்பதும் பயணத்தின் ஒரு பகுதிதானே.

படி 3: டிக்கெட்

ஃபெர்ரிஹாப்பர் போன்ற தளங்களில் எல்லா நிறுவனங்களின் நேரங்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சாண்டோரினி சில இடங்களில் திரா என்ற பெயரில் இருக்கும், குழம்ப வேண்டாம். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். கைக்குழந்தைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் டிக்கெட் வேண்டும். பகல் பயணத்துக்குச் சாதாரண வகுப்பே போதும். கூட்டம் பிடிக்காதவர்கள் சிறிது கூடுதலாகக் கொடுத்து எண்ணிட்ட இருக்கை எடுக்கலாம். ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள். டினோஸ் தீவின் தேவாலயத்துக்குப் பக்தர்கள் திரளுவார்கள், நாடே விடுமுறையில் இருக்கும். அந்த வாரம் போவதாக இருந்தால் மாதக்கணக்கில் முன்பே எடுத்துவிடுங்கள்.

படி 4: துறைமுகத்துக்குப் போவது

பிரேயஸ் மிகப் பெரியது. இ1, இ2 என்று வாயில்களுக்கு எண் உண்டு. உங்கள் வாயில் எது என்பதை முந்தைய நாளே பார்த்துவையுங்கள். மெட்ரோ நிலையம் இ6, இ7 வாயில்களுக்குப் பக்கம். ரோட்ஸ் கப்பல்கள் வழக்கமாக நிற்கும் இ1 வாயிலுக்குப் பெட்டியோடு நடக்கிற தூரம் இல்லை, துறைமுகத்துக்குள் ஓடும் இலவசப் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் 3ஆம் தடம் பிரேயஸ் வரை வருகிறது; மெட்ரோ ஓடாத நேரத்தில் எக்ஸ்96 பேருந்து இருக்கிறது. மிகோனோஸ், டினோஸ், ஆண்ட்ரோஸ் போகிறவர்கள் ரஃபீனா துறைமுகத்தையும் பாருங்கள், விமான நிலையத்துக்கு அதுதான் கிட்டம்.

கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு அங்கே இருந்தால் பதற்றம் இருக்காது.

படி 5: ஏறுவது

விமானம் மாதிரி வரிசை, பெல்ட், ஸ்கேனர் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கப்பலின் பின்புறம் இரும்புச் சரிவுப்பலகை ஒன்று கரையில் இறங்கியிருக்கும். அதன் ஒரு பக்கம் லாரிகள் பின்னோக்கி உள்ளே போகும், இன்னொரு பக்கம் மனிதர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவார்கள். டீசல் வாசனையும் ஊழியர்களின் கத்தலும் சேர்ந்து முதலில் மிரட்டும். வாசலில் டிக்கெட்டைக் காட்டிவிட்டு வாகனத் தளத்தின் ஓரத்தைப் பாருங்கள். பெட்டி வைக்கும் ரேக்குகளில் தீவுகளின் பெயர்கள் ஒட்டியிருக்கும். நீங்கள் இறங்கும் தீவின் ரேக்கில் பெட்டியை வையுங்கள். பாஸ்போர்ட், பணம், மாத்திரை, மேலே போட ஒரு சட்டை இவற்றைக் கையோடு மேலே எடுத்துப் போங்கள். கப்பல் நகரத் தொடங்கிவிட்டால் வாகனத் தளத்தை அடைத்துவிடுவார்கள்.

வாந்தி வருமோ என்று பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் பிடியுங்கள். மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும்.

படி 6: இறங்குவது

அறிவிப்பு கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் வரும். வந்ததும் கீழே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு நில்லுங்கள். நடுவழித் தீவுகளில் கப்பல் சில நிமிடங்கள்தான் நிற்கும். கப்பல் பின்பக்கமாகக் கரையை நெருங்கும்போதே பலகை இறங்கத் தொடங்கிவிடும்.

சாண்டோரினியில் கப்பல் நிற்கும் அதினியோஸ் துறைமுகம் செங்குத்தான பாறையின் அடிவாரம். ஊர் மேலே இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பேருந்தோ, ஹோட்டல் வண்டியோதான் கதி. படங்களில் வரும் கேபிள் கார் இங்கே இல்லை, அது தீவின் முக்கிய ஊரான ஃபிராவுக்குக் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் இருக்கிறது.

படி 7: திரும்புவது

ஊருக்கு விமானம் ஏறும் நாளிலேயே தீவிலிருந்து கப்பலில் கிளம்பாதீர்கள். முந்தைய நாளே ஏதென்ஸ் வந்து இரவு தங்குங்கள். காற்றுக்கும் வேலைநிறுத்தத்துக்கும் உங்கள் விமான நேரம் தெரியாது. கப்பலை ரத்து செய்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு கப்பலில் இடம் கேட்கலாம். இரண்டுக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் உரிமை தருகிறது. டிக்கெட் எடுக்கும்போது உங்கள் கைபேசி எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் செய்தி அதில் வரும். வந்தவுடன் துறைமுகத்தை ஒட்டிய டிக்கெட் ஏஜென்சிக்கு நேரில் போய் அடுத்த கப்பலில் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தடை நீங்கியதும் கிளம்பும் முதல் கப்பலில் இடம் சீக்கிரமே நிரம்பிவிடும்.