பிரசன்டேஷனில் உடல்மொழி: கோலாலம்பூரில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பேச்சில் 55 விழுக்காடு உடல்மொழி, 38 விழுக்காடு குரல், 7 விழுக்காடுதான் சொல்” என்று பயிற்சிப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும். முதலில் இதை நம்புவதை விடுங்கள். 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் ஆராய்ந்தது வேறு விஷயம். ஒருவரின் சொல்லும் முகமும் குரலும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துக் கணிக்கிறோம் என்றுதான் பார்த்தார். விற்பனைக் கணக்கை விளக்கும்போது சொல்லுக்கு 7 விழுக்காடுதான் மதிப்பு என்று அவர் சொல்லவில்லை. விஷயம் இல்லாத பேச்சைக் கையசைவு காப்பாற்றாது.

அடுத்தது, நம்மவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது: கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. பெரியவர் முன்னால் கை கட்டி நிற்பது மரியாதை என்றுதான் வீட்டிலும் பள்ளியிலும் வளர்ந்தோம். ஆனால் மலாய்க்காரரும் சீனரும் கலந்து உட்கார்ந்திருக்கும் மீட்டிங் அறையில் அதே நிற்பு பயமாகவோ விறைப்பாகவோ தெரியலாம். கைகளை இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை தெரியும்படி தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். தலையாட்டலும் அப்படித்தான். பக்கவாட்டில் ஆட்டி நாம் சொல்லும் “சரி”, பழகாதவர் கண்ணுக்கு “இல்லை” ஆகிவிடும். கேள்வி கேட்டவருக்கு வாயாலும் “ஆமாம்” சொல்லிவிடுங்கள்.

கை தூக்கியவரை ஆள்காட்டி விரலால் சுட்டவே வேண்டாம். மலாய் வழக்கத்தைப் பாருங்கள்: வலது கையின் நான்கு விரல்களையும் மடக்கி, மேலே படியும் கட்டைவிரலால் பணிவாகக் காட்டுவார்கள். திரையைக் காட்டவும் அது போதும். தாள் கொடுப்பதும் வலது கையால்தான். பேச்சு முடிந்ததும் மலாய்ப் பெண்களிடம் நாமாகக் கை நீட்டக்கூடாது. அவர் நீட்டினால் குலுக்கலாம், இல்லையென்றால் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினால் அழகு.

முன்வரிசையில் இருக்கும் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகரையே பார்த்துப் பேசினால் பின்வரிசை கைபேசிக்குள் போய்விடும். ஒரு முகத்தைப் பார்த்து ஒரு கருத்தை முடித்துவிட்டு, அடுத்த முகத்துக்குப் போங்கள்.

திரையைப் பார்த்து வாசிப்பது இன்னும் மோசம். முதுகு மட்டும் தெரியும், குரல் சுவருக்குப் போகும். ஸ்லைடு மாறியதும் வாயை மூடி ஒருமுறை பாருங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள். கை நடுங்கும் என்று தெரிந்தால் லேசர் சுட்டியைத் தொடாதீர்கள். கையின் சின்ன நடுக்கத்தையும் அந்தச் சிவப்புப் புள்ளி திரையில் பெரிதாக்கிக் காட்டிவிடும்.