ஆணின் மார்பு பெருத்திருந்தால் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

மார்பு பெருத்திருக்கிறது என்று கவலைப்படும் ஆண்களில் பலர், அது ஏன் பெருத்தது என்று கேட்காமலேயே களிம்பு, உடற்பயிற்சி, அறுவை சிகிச்சை என்று வைத்தியத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஒரே தோற்றத்துக்குப் பின்னால் பருவ வயதின் இயல்பான மாற்றம் இருக்கலாம், நாள்தோறும் விழுங்கும் மாத்திரை இருக்கலாம், விதையில் வளரும் கட்டியும் இருக்கலாம் என்பதால், காரணம் தெரியாமல் செய்யும் வைத்தியம் பெரும்பாலும் வீணாகவே போகும். கீழே சொல்லப்படும் தேடலின் முதல் பாதியை அவரவரே வீட்டில் செய்து, விடைகளைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வது நல்லது.

முதலில் தெளிவுபட வேண்டியது, பெருத்திருப்பது கொழுப்பா, மார்பகச் சுரப்பியா என்பதாகும். மல்லாந்து படுத்து, பார்க்க வேண்டிய பக்கத்துக் கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, மற்றொரு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களிலும் பதித்து, காம்பை நோக்கி மெல்ல நெருக்கிக்கொண்டு வரவேண்டும். சுரப்பி வளர்ந்திருந்தால், காம்புக்கும் கருவட்டத்துக்கும் நேர் கீழே, ரப்பர் போலச் சற்றே உறுதியான, விளிம்பு தெரியும் ஒரு வட்டத் தட்டு விரல்களுக்கிடையே சிக்கும். அது அசைத்தால் நகரும். அண்மையில் வளரத் தொடங்கியதாக இருந்தால் தொட்டாலே வலிக்கும், சட்டை உரசினாலும் கூசும். வெறும் கொழுப்பாக இருந்தால், இரு விரல்களும் காம்பருகே வந்து சேரும்வரை எதுவும் தடுக்காது. இந்த இரண்டாம் வகை உடல் எடை குறைந்தால் தானும் குறையும். அதற்கு ஹார்மோன் பரிசோதனைகள் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. பருமனான உடலில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு என்பதால், தட்டுப்படுகிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் மருத்துவரின் கைக்கே விட்டுவிடலாம்.

இதே சோதனையின்போது புற்றுநோய்க்கான அறிகுறிகளையும் பார்த்துவிட வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். மொத்த மார்பகப் புற்றுநோய்களில் அது சுமார் 1 சதவீதம் மட்டுமே. சாதாரணச் சுரப்பி வளர்ச்சி காம்பை மையமாகக் கொண்டு வட்டமாக, பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாக இருப்பதும் இயல்பே. காம்பிலிருந்து விலகி ஒரு பக்கமாக அமைந்த கல் போன்ற கட்டி, கட்டியோடு ஒட்டிக்கொண்டு குழி விழுந்த தோல், உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து கசியும் இரத்தம், ஆறாத புண், அக்குளில் நெறி கட்டியிருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மற்றக் காரணங்களைத் தேடிக்கொண்டிருக்காமல் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஊசி மூலம் எடுக்கும் திசுப் பரிசோதனை ஆகியவை ஐயத்தைத் தீர்த்துவிடும்.

சுரப்பிதான் வளர்ந்திருக்கிறது என்று தெரிந்தபின் எழும் கேள்வி, ஹார்மோன் சமநிலை எங்கே குலைந்தது என்பது. ஆணின் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு; அது மார்பகச் சுரப்பியை வளரத் தூண்டுகிறது, டெஸ்டோஸ்டிரோன் அதை அடக்கி வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கூடினாலும், டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலும், இருக்கின்ற டெஸ்டோஸ்டிரோன் வேலை செய்யாதபடி ஏதேனும் ஒன்று தடுத்தாலும் விளைவு ஒன்றுதான். ஆணின் ஈஸ்ட்ரோஜனில் சிறு பங்கே விதையில் நேரடியாகச் சுரக்கிறது. பெரும்பங்கு கொழுப்பு, தசை, தோல் ஆகியவற்றில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி ஆண் ஹார்மோன்களை மாற்றுவதால் உண்டாகிறது. உடலில் கொழுப்பு கூடக்கூட இந்த மாற்றமும் கூடும்.

வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலே பலருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பிறந்த ஆண் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தாயின் ஈஸ்ட்ரோஜனால் மார்பு சற்றுப் புடைத்திருக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அது வடிந்துவிடும். அந்த மார்பைப் பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. பருவம் எய்தும் சிறுவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, பெரும்பாலும் 13 அல்லது 14 வயதில், காம்புக்குக் கீழே தட்டு போன்ற வளர்ச்சி தோன்றி, 6 மாதம் முதல் 2 ஆண்டுகளுக்குள் தானே மறைகிறது. பள்ளியில் கேலிக்கு அஞ்சி விளையாட்டையே விட்டுவிடும் சிறுவனுக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்வதே பெரிய வைத்தியம். ஆனால் பருவ மாற்றங்கள் தொடங்கும் முன்பே சிறுவனுக்கு மார்பு வளர்ந்தாலும், 2 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தாலும், வேகமாகப் பெரிதானாலும் காரணம் தேடியே ஆகவேண்டும். 50 வயதுக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் படிப்படியாகக் குறைவதும் கொழுப்பு கூடுவதும் சேர்ந்து மீண்டும் இந்த வளர்ச்சியைத் தோற்றுவிக்கின்றன. ஆனால் அதே வயதில்தான் மாத்திரைகளின் எண்ணிக்கையும் கூடுகிறது; எனவே முதுமையின் மேல் பழியைப் போட்டுத் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

மருந்துகளைப் பற்றிய விசாரணைதான் இந்தத் தேடலில் அதிகப் பலன் தருவது. அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே. மார்பு பெருக்கத் தொடங்கிய மாதத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஓராண்டில் உட்கொண்ட எல்லாவற்றையும், தொடங்கிய தேதி, அளவு ஆகியவற்றோடு எழுத வேண்டும். மருந்துச்சீட்டில் உள்ளவை மட்டும் போதாது. கடையில் நேரடியாக வாங்கிய மாத்திரை, முடி உதிர்வுக்கான மருந்து, உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த பொடி அல்லது ஊசி, உள்ளடக்கம் எழுதப்படாத லேகியம் ஆகியவையும் பட்டியலில் வரவேண்டும். நினைவை நம்பாமல் மாத்திரை அட்டைகளையே பையில் போட்டு எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

பட்டியலில் முதலில் தேட வேண்டிய பெயர் ஸ்பைரோனோலாக்டோன். இதயச் செயலிழப்பு, கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தல், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குத் தரப்படும் இம்மருந்து, டெஸ்டோஸ்டிரோன் சென்று சேரும் ஏற்பிகளையும் தடுத்துவிடுகிறது. இதய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ராலஸ் ஆய்வில், இதை உட்கொண்ட ஆண்களில் 10 சதவீதத்தினருக்கு மார்பு பெருத்தலோ மார்பு வலியோ ஏற்பட்டது. போலி மாத்திரை உட்கொண்டவர்களில் அது 1 சதவீதம். அதே வேலையைச் செய்யும் எப்ளெரினோனுக்கு இந்தப் பக்கவிளைவு மிகக் குறைவு என்பதால், மருத்துவர் மாற்றித் தர வழி இருக்கிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கும் வழுக்கைக்கும் தரப்படும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு, புராஸ்டேட் புற்றுநோய்க்கான பைகாலுட்டமைடு, வயிற்றுப் புண்ணுக்கான பழைய மருந்தாகிய சிமெடிடின், பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் மாத்திரை, எச்.ஐ.வி. சிகிச்சையில் வரும் எஃபாவிரென்ஸ் ஆகியவையும் இந்த வரிசையில் உள்ளவை. மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவையும், வாந்திக்கான டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு ஆகியவையும் பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனை உயர்த்தி, அதன் வழியாக டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கின்றன. இப்பெயர்களில் ஒன்று பட்டியலில் இருப்பதைப் பார்த்ததும் தாமாகவே நிறுத்திவிடுவது பெருந்தவறு. இதயத்துக்கோ மனநோய்க்கோ தரப்பட்ட மருந்தைத் திடீரென நிறுத்துவதன் விளைவு, மார்பு பெருத்ததைவிடப் பலமடங்கு கொடியதாக இருக்கும்.

தசை வளர்ப்புக்காக ஸ்டீராய்டு ஊசி போடுபவர்களுக்கு மட்டும் இந்த எச்சரிக்கை வேறு விதமாகப் பொருந்தும். ஆண் ஹார்மோனைத்தானே போடுகிறோம், பெண்மைத் தோற்றம் எப்படி வரும் என்று அவர்கள் வியப்பதுண்டு. வெளியிலிருந்து மிகுதியாகச் செல்லும் டெஸ்டோஸ்டிரோனை அரோமட்டேஸ் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதே வேளையில் மூளை, போதுமான அளவு இருக்கிறதே என்று விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. ஊசியை நிறுத்தியபின் விதை மீண்டும் விழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், விடும் முறையையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்வதே பாதுகாப்பானது.

மருந்துக்கு அடுத்து உடலின் பொதுநிலை. மதுப்பழக்கம் விதையையும் கல்லீரலையும் ஒருசேரத் தாக்குகிறது. கல்லீரல் சுருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் கூடுவதோடு, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதமும் இரத்தத்தில் அதிகரித்து, பயன்படக்கூடிய டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிடுகிறது. அத்தகைய நோயாளிக்கே ஸ்பைரோனோலாக்டோனும் தரப்படும்போது இரண்டு காரணங்கள் ஒன்றாகிவிடுகின்றன. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல், படபடப்பு, கை நடுக்கம் ஆகியவை உடனிருந்தால் தைராய்டு மிகைச் சுரப்பை நினைக்க வேண்டும். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பிலும், நெடுநாள் பட்டினிக்குப்பின் உடல் தேறிவரும் காலத்திலும் மார்பு பெருக்கலாம்.

கூச்சத்தால் தவறிப்போகும் சோதனை விதைப் பரிசோதனை. மார்பைக் காட்டப் போன இடத்தில் இது எதற்கு என்று தோன்றலாம். ஆனால் விதைக் கட்டிகள் சில ஈஸ்ட்ரோஜனையோ, விதையை அதிகம் ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தூண்டும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனையோ வெளியிட்டு, மார்பு வீக்கத்தையே முதல் அறிகுறியாகக் காட்டுவதுண்டு. வெந்நீரில் குளித்தபின் விதைப்பை தளர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு விதையையும் விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து, கடினமான முடிச்சு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இரு விதைகளும் மிகச் சிறியவையாகவும் உறுதியாகவும் இருந்து, தாடி மீசை குறைந்து, குழந்தைப் பேறும் தள்ளிப்போனால், ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக அமையும் கிளைன்ஃபெல்டர் நிலையா என்று பார்க்க வேண்டும். இந்நிலையில் மார்பகப் புற்றுநோய் அபாயமும் மற்ற ஆண்களைவிட அதிகம். சிறுவயதுக்குப்பின் வந்த பொன்னுக்கு வீங்கி, விதையில் பட்ட அடி, முன்பு நடந்த கதிர்வீச்சு ஆகியவற்றையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் காரணம் பிடிபடாவிட்டாலோ, வளர்ச்சி புதிதாகவும் வலியோடும் இருந்தாலோ இரத்தப் பரிசோதனைக்குச் செல்லலாம். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால், மாதிரியைக் காலையிலேயே கொடுக்க வேண்டும். அதோடு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விதையை இயக்க அனுப்பும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன்கள், ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான எஸ்ட்ரடையால், ஹெச்.சி.ஜி., புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.ஹெச். உயர்ந்திருந்தால் பழுது விதையில். இரண்டுமே குறைந்திருந்தால் பிட்யூட்டரியை ஆராய வேண்டும். ஹெச்.சி.ஜி. உயர்ந்திருந்தாலோ, எஸ்ட்ரடையால் உயர்ந்து எல்.ஹெச். அடங்கியிருந்தாலோ விதைக்கு அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள்; அங்கு ஒன்றும் இல்லையெனில் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி முதலிய இடங்களுக்குத் தேடல் நகரும். எல்லாம் இயல்பாக இருந்து, காரணம் எதுவும் அகப்படாமல் போவதும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நேர்கிறது.

காரணம் மருந்து என்று தெரிந்து மருத்துவர் அதை மாற்றினால், வலி ஒரு மாத அளவில் குறையத் தொடங்கும். அளவு குறையச் சில மாதங்கள் பிடிக்கும். வலியுள்ள புதிய வளர்ச்சிக்குச் சில மருத்துவர்கள் மார்பில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையைக் குறுகிய காலம் தருவதுண்டு. ஓராண்டைத் தாண்டிய சுரப்பி நார்த்திசுவாக இறுகிவிடுவதால் அது மாத்திரைக்கோ உடற்பயிற்சிக்கோ கரைவது அரிது. அதற்கு அறுவை சிகிச்சையே வழி. மதுவோ ஸ்டீராய்டு ஊசியோ தொடரும் நிலையில் அதைச் செய்துகொண்டால், எஞ்சியிருக்கும் சுரப்பி மீண்டும் வளர இடம் உண்டு.