பழைய டாங்கிளைப் புதிய கம்ப்யூட்டரில் ஓட வைப்பது எப்படி?

முகூர்த்த மாதம் வந்தால் நெல்லையில் பாளை, ஜங்ஷன் பக்கத்து அச்சகங்களில் பழைய டிடிபி (பக்கம் வடிவமைக்கும்) சாஃப்ட்வேரைத் திறந்தே ஆக வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை ஃபைல் வேறு எதிலும் ஒழுங்காகத் திறக்காது. சாஃப்ட்வேரோ டாங்கிள் இல்லாமல் அசையாது; லைசென்ஸ் இருக்கிறது என்று காட்ட கம்ப்யூட்டரில் செருகும் சின்னச் சாவி அது.

முதல் வேலை, டாங்கிளைக் கழற்றுங்கள். பலரும் சறுக்கும் இடம் இது. டிரைவர் ஏறுவதற்கு முன்பே யுஎஸ்பியில் செருகினால் விண்டோஸ் அதைத் தெரியாத சாதனமாகப் பதிந்துவிடும். பிறகு சரியான டிரைவர் போட்டாலும் சில நேரம் அந்தப் பழைய பதிவையே பிடித்துக்கொள்ளும். அப்படி ஆகியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் உள்ள வரியை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

கூட வந்த சிடியைத் தொட வேண்டாம். அதிலுள்ள 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. டாங்கிள் வகைகளான ஹாஸ்ப், சென்டினல் இரண்டும் இப்போது தாலஸ் நிறுவனத்திடம் இருக்கின்றன; அவர்கள் தளத்திலிருந்தே எடுங்கள். ஹாஸ்ப்புக்கு சென்டினல் ரன்டைம், சென்டினல் சூப்பர்ப்ரோவுக்கு சென்டினல் ப்ரொடெக்‌ஷன் இன்ஸ்டாலர். மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. டிரைவர் ஏறிய பிறகு டாங்கிளைச் செருகுங்கள். ஹாஸ்ப் என்றால் விளக்கு எரியும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 1947 போர்ட்டைத் திறந்தால் கீ, அதாவது டாங்கிள், பட்டியலிலும் தெரியும். விண்டோஸ் 11 பழைய டிரைவரைத் தடுப்பதாகச் சொன்னால், மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியை அணைக்கும் முன் புது டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாஃப்ட்வேரே 16 பிட் என்றால் 64 பிட் விண்டோஸில் ஓடாது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 32 பிட் விண்டோஸ் 7 போட்டு, யுஎஸ்பி ஃபில்டரில் டாங்கிளைச் சேர்த்துவிடுங்கள். என் ஓட்டு இதற்குத்தான்: கம்ப்யூட்டரை மாற்றினாலும் அந்த உள் கம்ப்யூட்டர் இருக்கும் ஒரு ஃபோல்டரையும் டாங்கிளையும் தூக்கிக்கொண்டு போனால் போதும். டாங்கிள் இருப்பதுபோல் நடிக்கும் எமுலேட்டர் பக்கம் போகாதீர்கள். லைசென்ஸ் சிக்கல் ஒருபுறம், வைரஸ் மறுபுறம்.

பழைய பிரிண்டர் போர்ட்டான பேரலல் போர்ட்டில் மாட்டும் டாங்கிள்தான் பெரும்பாடு. யுஎஸ்பி-பேரலல் கேபிளில் காசைக் கரியாக்க வேண்டாம். அது பிரிண்டருக்கான கேபிள். டாங்கிள் தேடும் 378 என்ற போர்ட் முகவரி அதில் கிடையாது. மதர்போர்டில் எல்பிடி (பேரலல் போர்ட்) ஹெடர் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பிராக்கெட் வாங்கி மாட்டினால் முடிந்தது. பயாஸில் 378, ஐஆர்க்யூ 7 வையுங்கள். போர்ட் மோட் ஈசிபியில் இருந்து கீ தெரியாவிட்டால் எஸ்பிபிக்கு மாற்றுங்கள். ஹெடர் இல்லாவிட்டால் போடும் பிசிஐஇ பேரலல் கார்டு வேறு முகவரி எடுக்கும், எல்லா டிரைவரும் அதைத் தேடிப் போகாது.

அதன் பின்னும் கீ கிடைக்கவில்லை என்று வந்தால், டாங்கிளின் மறுமுனையில் மாட்டிய பிரிண்டரைப் பாருங்கள். அது அணைந்து கிடந்தால் சில டாங்கிள்கள் பதில் சொல்லாது. பிரிண்டரை ஆன் செய்யுங்கள், இல்லை கேபிளைக் கழற்றிவிடுங்கள்.