கும்பிடுபூச்சிக் கூடுகளை ஒரே காலத்தில் பொரிக்க வைத்த விதம்

கிளிநொச்சியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில், வலைப்பெட்டியில் நான் வளர்த்த கும்பிடுபூச்சிகளின் முட்டைக்கூடுகள் முன்பின்னாகப் பொரித்தமையால், முந்திப் பிறந்த குஞ்சுகள் பிந்திப் பிறந்தவற்றைப் பிடித்துத் தின்றன. ஒரு கூட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் ஒரே பொழுதில் சேர்ந்து வெளிவருகின்றன. கூட்டுக்குக் கூடு இடைவெளியை உண்டாக்குபவை முட்டையிட்ட நாளும் வெப்பமுமே. குளிர்நாட்டு இனங்கள் சிலவற்றுக்குப் பொரிப்பதற்கு முன் குளிர்காலம் தேவைப்படுகிறது. எங்கள் ஊர்ப் பூச்சிகளுக்கு அது வேண்டியதில்லை என்பதால், குளிர்சாதனப் பெட்டியை நான் நாடவில்லை.

ஒவ்வொரு கூட்டிலும் முட்டையிட்ட திகதியைக் குறித்து, மூத்தவற்றை ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் நிழலில் வைத்து வளர்ச்சியைத் தாமதப்படுத்தினேன். இளையவற்றை வெயில் படாத, ஆனால் சூடான ஓட்டுக்கூரையின் கீழ்த் தொங்கவிட்டேன். இளையவை ஈடுகொடுத்துவிடும் என்று கணித்த பின், எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, காலைதோறும் மெல்லிய நீர்த்தூவல் கொடுத்தேன். சோளகத்தின் வறட்சி கூட்டை உலர்த்திக் குஞ்சுகளை உள்ளேயே மடியச் செய்யுமாதலால், இந்த ஈரத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

வெளிவரும் குஞ்சு தொங்கியபடியே முதல் தோலை உரிப்பதனால், கூட்டின் கீழே வெற்றிடம் விட வேண்டும். அம்முறை கூடுகள் அனைத்தும் அடுத்தடுத்த காலைகளில் பொரித்தன. கனிந்த வாழைப்பழத்தில் முன்கூட்டியே பெருக்கி வைத்த பழ ஈக்கள் அவற்றுக்கு முதல் இரையாயின.